இரண்டு படி வெளுப்பு

என்னை எல்லாரும் பவுடர் அண்ணன் என்பார்கள். முப்பத்தொரு வருஷமாக சினிமாவில் மேக்கப் போடுகிறேன். என் நாற்காலியில் உட்கார்ந்த ஒருவரும் உட்காரும்போது இருந்த நிறத்தோடு எழுந்து போனதில்லை. இதை நான் சொந்தக்காரர் வீடுகளில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

எங்கள் அறையில் 'படி' என்று ஓர் அளவு உண்டு. சொந்தத் தோலைவிட ஒரு சாயல் வெளுத்தால் ஒரு படி. கதாநாயகிக்கு இரண்டு படி ஏற்ற வேண்டும், அவளுடைய தோழிக்கு ஒன்று போதும், அம்மாவாக வருபவருக்கு அரை. வேலைக்காரிக்கும் அடியாளுக்கும் மட்டும் கீழே இறக்க வேண்டும். இதை யாரும் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குத் தானாகப் புரிந்துவிட்டது. நான் கீழே இறக்கிய அடியாட்கள் எல்லாரும் கடைசியில் என் சித்தப்பா பெரியப்பா மாதிரியே இருப்பார்கள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஏனென்றால் நானும் கறுப்பு. தாத்தா காலத்தில் ரயில் பாதை போட அழைத்து வரப்பட்ட சனம் நாங்கள். பாதை முடிந்த பிறகும் திரும்பிப் போகாமல் ஸ்டேஷனுக்குப் பின்னால் வரிசை வீடுகளில் தங்கிவிட்டோம். ஊர்க்காரர்கள் எங்களைத் 'தண்டவாளம்' என்று கூப்பிடுவார்கள். சினிமாவில் எங்களுக்கு இரண்டே வேஷம். ஒன்று அடிக்க வருகிற கும்பல், இன்னொன்று அடிவாங்கி ஓடுகிற கும்பல்.

அப்படியிருக்க, எங்கள் சனத்தைப் பற்றியே ஒரு படம் எடுக்க ஒருவர் வந்தார். இளவயது டைரக்டர். ஊர்க்காரர்தான், ஆனால் நிறையப் படித்தவர், எங்கள் வரிசை வீடுகளில் மாதக்கணக்கில் உட்கார்ந்து கதை கேட்டவர். வேலையில் செத்துப்போன தகப்பனின் உடலைக் கேட்டு ஓடுகிற ரயிலை மறித்து நிற்கிற ஒரு பெண்ணின் கதை. அந்த வேஷத்துக்கு ஆள் தேர்வு என்று அறிவிப்பு வந்தது. தண்டவாளச் சனத்துப் பெண்களுக்கே முன்னுரிமை, மேக்கப் இல்லாமல் வரவும் என்று அதில் போட்டிருந்தார்கள்.

என் மகளுக்கு இருபத்து நான்கு வயது. வீட்டில் பாப்பா. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, சாயங்காலம் நாடகக் குழு. அறிவிப்பைப் பார்த்த நாளிலிருந்து அவள் தரையில் நடக்கவில்லை. சமையலறையில் நின்றுகொண்டு அப்பனைப் பறிகொடுத்தவளாகப் பேசிப் பார்ப்பாள். அப்பன் நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். "ரெண்டு நாளைக்காவது என்னை உயிரோட விட்டு வை" என்பேன். அவள் சிரிக்காமல் அடுத்த வரிக்குப் போவாள்.

தேர்வு நாள் காலையில் என் பெட்டியைத் திறந்து ஜன்னலோரம் நாற்காலி போட்டேன்.

"பாப்பா, இங்க வந்து உக்காரு."

"வேணாம்பா. மேக்கப் போடாம வரச் சொல்லியிருக்காங்க."

"எனக்கே சொல்லித் தர்றியா? மேக்கப் இல்லாம வான்னா மேக்கப் தெரியாம வான்னு அர்த்தம். எல்லாரும் போட்டுட்டுத்தான் வந்து நிப்பாங்க. நீ மட்டும் இப்படியே போய் நின்னா, யாரு இது, தண்ணி கொண்டு வந்த பொண்ணான்னு கேப்பாங்க."

"இப்படியே போறேன்பா. ப்ளீஸ்."

நான் அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினேன். அவள் ஒரு மூச்சு விட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நெற்றி, மூக்கு, தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால் என்று ஓர் இடம் விடாமல் இரண்டு படி ஏற்றினேன். பூசியது தெரியவே தெரியாது. என் வாழ்க்கையிலேயே சுத்தமான வேலை அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, இம்முறை தங்களைத் தேர்ந்தெடுக்க இயலவில்லை என்று செய்தி வந்தது. அவள் படித்துவிட்டு ஃபோனைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள். "விடு. பேர் தெரிஞ்ச மூஞ்சிதான் வேணும்னு முன்னாடியே முடிவு பண்ணியிருப்பாங்க" என்றேன். அடுத்த வாரம் அப்படியே ஆயிற்று. பேர் தெரிந்த முகம் ஒன்று ஒப்பந்தமானது. பால் நிறம். நான் சொன்னது பலித்துவிட்டதே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பால் நிறத்தைக் கறுப்பாக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெரிய படம், தலைமை மேக்கப்மேன் என்று என் பெயர் திரையில் தனியாக வரும். பாப்பாவிடம் சொன்னபோது, "போங்கப்பா, உங்களைவிட நல்லா யாரு போடப்போறா?" என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

முதல் நாளே மண்ணைக் கவ்வினேன். இறக்கி வேலை செய்வது எனக்கு அடியாட்களோடு முடிந்துபோன விஷயம். அவர்களுக்கு முகத்தில் ஒரு தீற்று, கையில் ஒரு தீற்று, அவ்வளவுதான். இங்கே கேமரா அரை அடி தூரத்தில் வரும். நான்கு தடவை கலந்தேன். நான்கு தடவையும் டைரக்டர் வந்து பார்த்துத் தலையை ஆட்டினார்.

"அண்ணே, கரி பூசின மாதிரி இருக்கு. தோலாத் தெரியல."

என் கையைப் பார்த்துக் கலக்கலாம் என்றால், முப்பது வருஷம் ஸ்பிரிட்டிலும் சாயத்திலும் ஊறி அது திட்டுத் திட்டாக வெளிறிக் கிடக்கிறது. இளம் தோல் வேண்டும். பாப்பாவுக்கு ஃபோன் போட்டேன்.

"கடையில சொல்லிட்டு ஒரு மணி நேரம் வந்துட்டுப் போயேன். உன் கை வேணும்."

"கையா?"

"நிறம் பாக்கணும். ஹீரோயினுக்கு."

ஹீரோயினுக்கா என்று திருப்பிக் கேட்டாள். பிறகு, "வரேன்" என்றாள். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. வேலை நடந்தால் போதும் என்றிருந்தது.

வந்தாள். கண்ணாடிக் கடைச் சீருடையோடு, முகம் கழுவி, ஒன்றும் பூசாமல். மேஜையில் துண்டை விரித்து அவள் கையையும் நடிகையின் கையையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். நடிகை நல்ல பெண். "உங்க ஸ்கின் எவ்ளோ நல்லா இருக்கு!" என்றாள், நிஜமாகவே. பாப்பா தாங்க்ஸ் என்றாள். நான் தட்டில் கலக்க ஆரம்பித்தேன். அன்றைக்குத்தான் என் மகளின் தோலை முதல்முதலாக உற்றுப் பார்த்தேன். வெறும் கறுப்பு அதில் எங்கேயும் இல்லை. அடியில் சிவப்பு இருந்தது, விரல் முட்டிப் பக்கம் மஞ்சள் ஓடியது, நிழல் விழுகிற இடத்தில் கொஞ்சம் நீலம்கூட இருந்தது. அழகு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, கலவை காய்ந்துவிடும் என்ற அவசரம்.

ஐந்தாவது தடவை அச்சாக வந்துவிட்டது. நடிகையின் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை பூசி, கையைத் திருப்பி மறுபக்கமும் பூசினேன்.

"அப்பா, உள்ளங்கையில எதுக்குப் பூசறீங்க?" என்றாள் பாப்பா. "நம்ம உள்ளங்கை கறுப்பாவா இருக்கு?"

நான் என் கையைத் திருப்பிப் பார்த்தேன். ஐம்பத்தாறு வருஷமாக நான் சாப்பிடுகிற கை. அதன் நிறம் எனக்கு ஞாபகத்தில் இல்லை. எங்கள் ஆட்களை வரைவதற்கு நான் ஊர்க்காரர்களின் கண்ணைத்தான் கடன் வாங்கியிருக்கிறேன். அவர்கள் பார்வையில் நாங்கள் உள்ளங்கைவரை கறுப்பு. நடிகை சிரித்துவிட்டாள். வாசலில் இன்னொரு சிரிப்புக் கேட்டது. டைரக்டர் நின்றுகொண்டிருந்தார்.

"நல்ல வேளை சொன்னீங்க. படம் வந்தப்புறம் ஊரே சிரிச்சிருக்கும். யாருண்ணே இது?"

"எம் பொண்ணு சார்."

அவர் பாப்பாவையே பார்த்தார். தொழிலில் அந்தப் பார்வை எனக்குத் தெரியும். முகத்தைத் திரையில் வைத்துப் பார்க்கிற பார்வை.

"நடிப்பீங்களா?"

"நாடகத்துல நடிக்கறேன் சார்."

"அப்புறம் ஏன் டெஸ்ட்டுக்கு வரல? உங்கள மாதிரி ஒருத்தரத்தானே தேடித் தேடி அலைஞ்சோம்."

"வந்தேன் சார். நாப்பத்தி ஒண்ணாம் நம்பர்."

அவர் லேப்டாப்பைத் திறந்து தேடி எடுத்தார். எங்கள் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தார். வெள்ளை விளக்கு வெளிச்சத்தில் என் மகள் அப்பனின் உடலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். குரலைக் கேட்டால் நிஜமாகவே அப்பனைப் பறிகொடுத்தவள். முகத்தைப் பார்த்தால் திருநீறு பூசிக் கழுவாத மாதிரி சாம்பல் பூத்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்துக்குப் போட்ட என் சுத்தமான வேலையை விளக்கு தோலுரித்துக் காட்டிவிட்டது.

"இது நீங்களா!" என்றார் டைரக்டர். "இதப் பத்து தடவையாவது போட்டுப் பாத்திருப்போம். நடிப்புல இதுதான் மொதல் இடம். ஆனா பாருங்க, மேக்கப் வேணாம்னு எழுதியே போட்டும் இவ்ளோ வெளுத்துட்டு வந்திருக்கீங்க. தன் நிறத்துக்கே வெக்கப்படற பொண்ணு இந்த வேஷத்த எப்படித் தாங்கும்னு பேசிப் பேசித்தான் விட்டுட்டோம். வேற யாரும் சரியா அமையல, கடைசில இவங்களக் கேட்டோம்." நடிகை தலையைக் குனிந்துகொண்டாள். "ஏங்க அப்படிப் பண்ணீங்க?"

என் கையில் ஸ்பாஞ்ச் இருந்தது. வாயைத் திறந்து ஒரு வரி சொன்னால் போதும், நான்தான் சார் போட்டேன் என்று. அறிவிப்பை மீறிப் பூசிய மேக்கப்மேன் என்று பெயர் வந்தால் அந்தப் படம் போகும், அடுத்த படமும் போகும் என்று புத்தி கணக்குப் போட்டது. பாப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நானேதான் போட்டுக்கிட்டேன் சார். பயத்துல" என்றாள்.

நான் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து நடிகையின் உள்ளங்கையைத் துடைக்க ஆரம்பித்தேன். சாயம் முழுக்கப் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

அவள் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். பாப்பா வழக்கம்போலத் துணி மடித்து வைத்தாள், டிவி பார்த்தாள், என்னிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

இரண்டு நாளில் டைரக்டரே கூப்பிட்டார். கதாநாயகிக்கு ஒரு தங்கை உண்டு, ஐந்து காட்சி, கடைசியில் தண்டவாளத்தில் அக்கா பக்கத்தில் போய் நிற்பாள், அதை நீங்கள் செய்கிறீர்களா என்று கேட்டார். பாப்பா சரி என்றாள். ஃபோனை வைத்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். என் பாவத்தைக் கடவுள் கழித்துவிட்டார் என்று நான் அசட்டுத்தனமாக நம்பினேன்.

பாப்பாவின் காட்சி ஒரு மூடிக்கிடந்த ஸ்டேஷனில் நடந்தது. அதற்குள் படப்பிடிப்பு தொடங்கி மூன்று வாரம் ஓடியிருந்தது. அந்த மூன்று வாரத்தில் நான் செய்ததையும் சொல்ல வேண்டும். கேமராமேன் ஒரு நாள், கண் எடுபடவில்லை, கறுப்பைக் கொஞ்சம் குறைக்கலாமா என்றார். அரைப் படி ஏற்றினேன். தயாரிப்பாளர் வந்து பார்த்துவிட்டு, பாட்டுக் காட்சிக்காவது பளிச்சென்று இருக்கட்டுமே என்றார். இன்னொரு அரை. அதன் பிறகு யாரும் கேட்காமலே என் கை தானாக ஏறிக்கொண்டிருந்தது. பாப்பாவின் கையைப் பார்த்துக் கலந்த நிறம் எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போய் நின்றது. தேன் நிறம், திரையில் பார்க்க இதமாக இருக்கும்.

பாப்பா வெறும் முகத்தோடு போய் அக்காவின் பக்கத்தில் நின்றாள். கேமராமேன் மானிட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"தங்கச்சி தனியாத் தெரியுது சார். ஹீரோயின் நிறம் நேச்சுரலா இருக்கு. தங்கச்சிக்கு ஓவரா பூசின மாதிரி இருக்கு. ஒரு வீட்டுப் பொண்ணுங்கன்னு சொன்னா யாரு நம்புவா?"

டைரக்டர் மானிட்டரில் மூக்கு இடிக்கும்வரை குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, தங்கச்சிக்கு ரெண்டு படி ஏத்திடுங்க."

"சார், அக்காவோட நிறமே இவ கையப் பாத்துக் கலந்ததுதானே?"

"தெரியும்ணே. ஆனா மூணு வாரம் எடுத்தாச்சு. இந்தப் படத்துக்கு இப்ப அவங்க நிறம்தான் நிஜம். நான் என்ன பண்ணட்டும்?"

அவரும் நெளிந்தார், அதையும் சொல்ல வேண்டும். எனக்குத் தைரியம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, வந்துவிட்டது.

"போட மாட்டேன் சார். டெஸ்ட் அன்னிக்கு வெளுத்ததும் நான்தான். அவ வேணாம்னு ரெண்டு தடவை கெஞ்சினா. நான்தான் தாடையப் பிடிச்சுப் பூசினேன். அவளுக்கு ஒரு வெக்கமும் இல்ல சார். வெக்கமெல்லாம் என்னோடது."

யூனிட் முழுக்க என்னைப் பார்த்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் அந்த அறையில் சொல்லியிருக்க வேண்டியது. டைரக்டர் என் தோளில் கை வைத்தார். "அண்ணே, அது முடிஞ்ச கதை. வெளிச்சம் போயிட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு வாட்சைப் பார்த்தார். அவ்வளவுதான். என்னுடைய பெரிய ஒப்புதல் வாக்குமூலத்துக்கு அரை நிமிஷம்கூட யாரும் செலவழிக்கவில்லை.

பாப்பா என் முழங்கையைப் பிடித்து மேக்கப் அறையாக இருந்த பழைய டிக்கெட் அறைக்குள் இழுத்துப்போனாள்.

"எனக்கு இந்த வேஷம் வேணும்பா. நீங்க போட வேணாம். நானே போட்டுக்கறேன்."

என் பெட்டியைத் திறந்தாள். பதினெட்டு டப்பாக்கள் இருக்கிற பெட்டி அது. ஒன்றையும் திறந்து பார்க்காமல் நேராக இரண்டாவது வரிசையில் மூன்றாவது டப்பாவை எடுத்தாள். புறங்கையில் வைத்து விரலால் சூடாக்கினாள். ஸ்பாஞ்சை நனைத்து, பிழிந்து, தாடைக்குக் கீழேயிருந்து மேல்நோக்கி ஒற்றினாள். காதுக்குப் பின்னால் ஒரு திருப்பு. மூக்கோரம் கட்டை விரலால் ஓர் அழுத்து. எல்லாம் என் கைப்பழக்கம். நான் அவளுக்கு ஒரு நாளும் சொல்லித் தந்ததில்லை.

"எங்கடி கத்துக்கிட்ட இதெல்லாம்?"

"பத்தாவது படிக்கறப்போ. நீங்க லீவுல இருக்கற நாள்ல பெட்டி வீட்டுலதானே இருக்கும். கொஞ்சமா ஒரு சின்ன டப்பாவுல எடுத்து வெச்சுப்பேன். காலேஜ் முடியற வரைக்கும் போட்டேன். நாடகத்துல சேந்தப்புறம்தான் விட்டேன்." கண்ணாடியில் கழுத்தைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னாள். "விட்டு நாலு வருஷம் ஆச்சு. அன்னிக்கு காலையில நீங்கதான் மறுபடி போட்டு விட்டீங்க."

டிக்கெட் கொடுக்கும் பலகையைப் பிடித்துக்கொண்டேன். டைரக்டரிடம் அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை என்று மார்தட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

"அத்தனை வருஷம் என் கண்ணுல எப்படிப் படாமப் போச்சு பாப்பா? என் தொழிலே அதுதானே?"

"பட்டுதுப்பா. அதப் போட்டுட்டு வந்த நாள்லதான் நீங்க என்னப் பாத்து, இன்னிக்கு எம் பொண்ணு எவ்ளோ அழகா இருக்கான்னு சொல்வீங்க. போடாத அன்னிக்கு நீங்க சொன்னதே இல்ல."

குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. கடையில் ஒருவருக்குக் கண்ணாடியின் பவரைச் சொல்வது போலத்தான் சொன்னாள். வெளியே ஷாட் ரெடி என்று கூப்பிட்டார்கள். அவள் எழுந்து, சட்டையில் பவுடர் விழுந்திருக்கிறதா என்று பார்த்து உதறிவிட்டுக் கதவுவரை போனாள். நான் அவளைக் கூப்பிட்டேன். திரும்பினாள். நீ அழகுடி என்று சொல்லத்தான் கூப்பிட்டேன். அவள் முகத்தில் இரண்டு படி ஏறியிருந்தது. அதைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? "ஒண்ணுமில்ல, போ" என்றேன். அவள் போனாள்.